தைப்பவருக்கு இல்லாத பன்னிரண்டு நாள்

காலை ஏழரை மணி. திருப்பூரில் பனியன் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும் நேரம். ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் கிடந்த ஒரு டெய்லர் சூப்பர்வைசருக்குப் போன் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணா, உடம்பு அனலாக் கொதிக்குதுங்ணா. இன்னைக்கு லீவு வேணுங்ணா."

"ஷிப்மெண்ட் நிக்குது கண்ணு. ஒரு மாத்திரையப் போட்டுட்டு வந்துரு. சாயந்திரம் வேணும்னா நேரத்துலயே போயிக்கலாம்."

சூப்பர்வைசர் லீவு இல்லை என்று சொல்லவில்லை; உண்டு என்றும் சொல்லவில்லை. இருவர் பேச்சிலும் ஒரு கேள்வி மட்டும் வரவே இல்லை. லீவு போட்டால் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா? கேட்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு இருவருக்கும் பதில் தெரியும். கிடையாது.

அந்த டெய்லர் தைத்த டி-சர்ட் சில வாரம் கழித்துச் சென்னை தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக்கு வந்து சேரலாம். அதைப் பிரித்து வாடிக்கையாளர் முன்னால் விரித்துக் காட்டும் பெண்ணுக்கும் ஒருநாள் அதே காய்ச்சல் வரலாம். அவருடைய கணக்கு வேறு. கடையில் வேலை பார்க்கும் அவருக்குச் சட்டமே ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு எழுதி வைத்திருக்கிறது. தைத்தவருக்கு அந்தப் பன்னிரண்டு நாள் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரே துணி, ஒரே மாநிலம், ஒரே காய்ச்சல். ஒருவர் நிற்கும் இடத்தின் பெயர் கடை, இன்னொருவர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் பெயர் தொழிற்சாலை. வேறுபாடு அவ்வளவுதான்.

கடை ஊழியரின் உரிமை 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கிறது. அதன் 25-ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உடம்பு சரியில்லை என்றாலோ விபத்தில் அடிபட்டாலோ ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. தகுந்த வேறு காரணத்துக்காகத் தற்செயல் விடுப்பு இன்னொரு 12 நாள். இந்த இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே உண்டு. ஓராண்டு முடிந்துவிட்டால் மூன்றாவதாக 12 நாள் ஆண்டு விடுப்பு. அதை 24 நாள் வரை சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஓ.எம்.ஆர். சாலையில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் இருக்கும் ஐ.டி. அலுவலகங்களுக்கும் அடிப்படைச் சட்டம் இதுதான். அங்கே 'சிக் லீவு', 'கேஷுவல் லீவு' என்று ஹெச்.ஆர். அனுப்பும் பட்டியலுக்கு வேர் இந்தப் பிரிவில் இருக்கிறது.

சட்டத்தில் இருப்பதெல்லாம் கடையில் கிடைத்துவிடுகிறது என்று சொல்ல முடியாது. நாள் முழுக்க நின்றே விற்கும் கடை ஊழியர்கள் உட்காருவதற்கு நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021-இல் இதே சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஆனாலும் எழுத்தில் இருக்கும் உரிமையைக் காட்டிக் கேட்க முடியும். இல்லாததை எதைக் காட்டிக் கேட்பது?

தொழிற்சாலைகளை நீண்ட காலம் ஆண்டது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதில் நோய் விடுப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, அடுத்த ஆண்டில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு இருந்தது. அவ்வளவுதான். சாதாரணமாக அதற்குப் பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நோய் என்றால் மட்டும் முன்கூட்டிக் கேட்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்று 79-ஆவது பிரிவு சொன்னது. காய்ச்சலுக்காகத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் லீவை எடுத்துச் செலவழிக்கலாம் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள் 180 நாளாகக் குறைந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதுவும் ஆண்டு விடுப்புதான்.

தொழிற்சாலைத் தொழிலாளியின் நோயைச் சட்டம் மறந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கென்று அப்போதே வேறொரு வழி கட்டிவிட்டார்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு எப்படிக் கொண்டுவருவது என்று ஆராயும் வேலை 1943-இல் பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் அறிக்கை கொடுத்தார். அதன் வழியில் 1948-இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் முதலில் வந்த ஊர் கோயம்புத்தூர், 1955 ஜனவரி. பஞ்சாலைகளின் ஊருக்கு அது வந்ததில் வியப்பில்லை. அதுதான் எல்லோர் வாயிலும் ஈ.எஸ்.ஐ. என்று புழங்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்.

இதன் யோசனை அழகானது. தொழிலாளி படுத்துக்கொண்டால் அந்தச் செலவை அவருடைய முதலாளி ஒருவர் தலையில் கட்டாமல், எல்லா முதலாளிகளும் எல்லாத் தொழிலாளிகளும் மாதாமாதம் போடும் பொதுப் பணத்திலிருந்து எடுப்பது. 2019 ஜூலை முதல் தொழிலாளி சம்பளத்தில் 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் கட்டுகிறார்கள். பதிலுக்குக் குடும்பத்துக்கே மருத்துவம். வேலைக்குப் போக முடியாத நாளுக்கு நோய்ப் பலன் என்ற பெயரில் சராசரி நாள் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை.

எழுபது விழுக்காடு, தொண்ணூற்றொரு நாள் என்று கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. மூன்று நாள் காய்ச்சலுக்கு இதைப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நாளுக்கு 500 ரூபாய் வாங்கும் டெய்லர் ஐந்து நாள் படுத்துவிட்டார். வேலை பார்த்திருந்தால் 2,500 ரூபாய். ஈ.எஸ்.ஐ. கணக்கில் நாளுக்கு 350 ரூபாய் வர வேண்டும். ஆனால் முதல் இரண்டு நாளுக்கு எதுவும் இல்லை. அவை காத்திருப்பு நாட்கள். மூன்றாம் நாளிலிருந்துதான் பணம். ஆக மூன்று நாளுக்கு 1,050 ரூபாய் வரும், 1,450 ரூபாய் போகும். மூன்றே நாளில் எழுந்துவிட்டால் 1,500 ரூபாய்க்குப் பதிலாக வருவது 350 ரூபாய். இரண்டு நாளில் எழுந்துவிட்டால் ஒரு பைசாவும் இல்லை. ஒருமுறை பலன் வாங்கித் தேறியவர் பதினைந்து நாளுக்குள் மறுபடியும் படுத்தால் மட்டும் இந்த இரண்டு நாள் பிடித்தம் இல்லை.

சளிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, 'மெட்ராஸ் ஐ' போன்றவை வந்தால் இரண்டு மூன்று நாளில் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறவர்களே அதிகம். அதாவது அடிக்கடி வரும் சின்ன நோய்களுக்குத் திட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சின்ன நோய்தான் பக்கத்து மெஷினுக்கும் பரவுகிறது. கண் சிவந்து நீர் வடிய வரும் ஒருவர் லைனில் உட்கார்ந்தால் அந்த வாரத்துக்குள் அதே லைனில் இன்னும் பலருக்குக் கண் சிவக்கும். அவர் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த இரண்டு நாள் சம்பளத்தை யார் தருவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

காத்திருப்பு நாள் இந்தியாவின் கண்டுபிடிப்பு அல்ல. நோய்க் காப்பீடு உள்ள பல நாடுகளில் அது உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கையே மூன்று நாள் வரை அனுமதிக்கிறது. பொய்க் காய்ச்சலைத் தடுக்கலாம், சின்னச் சின்னக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் செலவு மிச்சம் என்பது அதற்குச் சொல்லும் நியாயம். பிரிட்டனில் இருந்தது மூன்று நாள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, கொரோனாவால் வேலைக்கு வர முடியாதவர்களுக்கு அந்த நாட்டு அரசு அந்த மூன்று நாளை எடுத்துவிட்டது. காசு போகும் என்று பயந்து நோயோடு வேலைக்கு வருவார்கள், வந்தால் பரப்புவார்கள் என்பதை அப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த உண்மை கொரோனாவுக்கு மட்டும் பொருந்துவது இல்லையே.

புதிதாகச் சேர்ந்தவரின் நிலை இன்னும் மோசம். முதல்முறை ஈ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கு மருத்துவம் உடனே உண்டு. ஆனால் நோய்ப் பலனுக்கான காலம் ஒன்பது மாதம் கழித்தே தொடங்கும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ரயிலேறி வந்து, விடுதி அறையில் எட்டுப் பேரோடு தங்கி, முதல் மழைக்காலத்திலேயே டைபாய்டில் விழும் இளைஞருக்குத் திட்டத்திலிருந்து மாத்திரை வரும், பணம் வராது. பழையவர்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆண்டை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அரையாண்டில் 78 நாளாவது சம்பளம் பெற்றுச் சந்தா கட்டியிருந்தால்தான் அதற்குரிய பலன் காலத்தில் நோய்ப் பலன் கிடைக்கும். ஆர்டர் குறைந்து, வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலை கொடுத்த கம்பெனியில் இருந்தவருக்கு அந்த 78 தட்டிப்போகலாம். அது அவர் செய்த தவறில்லை.

அடுத்தது சீட்டு. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் டாக்டர் எழுதித் தரும் சான்றிதழ் இல்லாமல் நோய்ப் பலன் நகராது. இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. அம்மை.

வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வேப்பிலைமேல் படுக்க வைப்பார்கள். கறி சமைக்க மாட்டார்கள், வெளியாள் உள்ளே வர மாட்டார், வீட்டு ஆள் வெளியே போக மாட்டார். கொப்புளம் வாடித் தண்ணீர் ஊற்றும் வரை அந்த ஒழுங்கு குலையாது. அம்மை வந்தவரை வெளியே விடாமல் தனியே வைத்திருக்கும் இந்த வழக்கம் தொற்றைத் தடுப்பதில் மிகச் சரியானது. ஆனால் பல வீடுகளில் டாக்டரிடம் காட்டுவதையும் அம்மனுக்கு ஆகாது என்று விட்டுவிடுகிறார்கள். டாக்டர் பார்க்கவில்லை என்றால் சீட்டு இல்லை. சீட்டு இல்லை என்றால் பத்துப் பதினைந்து நாளுக்கும் பலன் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, கம்பெனிப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே தொடர்ந்து 'ஆப்சென்ட்' விழுந்துகொண்டிருப்பது.

தொடர் ஆப்சென்ட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பெரம்பூர் பக்கம் இருந்த பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் நிலையாணையில், அதாவது வேலை விதிகளில், ஒரு விதி: லீவு இல்லாமல் தொடர்ந்து எட்டு வேலைநாள் வராதவர், தாமே வேலையை விட்டுப் போனதாகக் கருதப்படுவார். லீவில் ஊருக்குப் போன தொழிலாளி ஒருவர் குறித்த நாளில் திரும்பவில்லை. பிறகு உடம்பு சரியில்லாமல் கிடந்ததாக மருத்துவச் சான்றிதழ் காட்டினார். ஆலை ஏற்கவில்லை. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவு நோய்ப் பலன் பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது. அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் ஆலையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீக்கியது முதலாளி அல்ல, நிலையாணையின்படி வேலை தானே முடிந்துபோயிற்று என்பது அதன் தர்க்கம்.

காய்ச்சலில் கிடந்தவர் 'தாமே விட்டுப் போனார்' என்று எழுதுவதில் உள்ள அநியாயம் நீதிமன்றத்துக்கு உறைக்க முப்பது ஆண்டு ஆனது. 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் இதே மாதிரியான எட்டு நாள் விதி மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் முன் அவரைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும், விசாரிக்காமல் பெயரை அடிக்கக் கூடாது என்று இம்முறை தீர்ப்பு வந்தது. இன்று எந்தக் கம்பெனியாவது அம்மை போட்டுத் திரும்பியவரிடம் "நீயே நின்னுட்டே, பேரு எடுத்தாச்சு" என்று சொன்னால், அவர் காட்ட வேண்டிய தீர்ப்பு இது. இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நோயால் வராமல் இருந்த நாட்கள் சர்வீஸை முறிப்பதில்லை. கிராஜுவிட்டி கணக்கிலும் நோயால் விழுந்த இடைவெளியைத் தொடர் பணியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சம்பளம் இல்லாத லீவின் விலை ஒரு நாள் கூலி மட்டும் என்று கணக்குப் போட்டால் அது பாதிக் கணக்கு. மாதம் முழுக்க ஒரு நாளும் விடாமல் வருபவருக்கு 'அட்டெண்டன்ஸ் போனஸ்' தரும் கம்பெனிகள் உண்டு. ஒரு நாள் காய்ச்சலில் கூலியும் போகும், அந்த மாதத்துப் போனஸும் போகும். வராத காலத்துக்கு உரிய விகிதத்துக்கு மேல் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்திலேயே விதி வந்துவிட்டது. போனஸை நிறுத்தினால் அது 'பிடித்தம்' கணக்கில் வருவதில்லை. கையில் வரும் பணம் குறைவது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். அலுவலகங்களில் இதற்கு வேறு வடிவம்: சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் லீவு போட்டால் நடுவில் உள்ள ஞாயிறும் சேர்ந்து 'லாஸ் ஆஃப் பே' ஆகிவிடும் 'சாண்ட்விச்' விதி.

ஈ.எஸ்.ஐ.க்கு ஒரு மேல் எல்லை இருக்கிறது. 2017 ஜனவரி முதல் அது மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. நடு அரையாண்டில் சம்பளம் எல்லையைத் தாண்டினால் அந்த அரையாண்டு முடியும் வரை காப்பீடு தொடரும், பிறகு நின்றுவிடும். பதினைந்து ஆண்டு உழைத்து 21,500 ரூபாய்க்கு வந்த தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அதன்பின் ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, சட்டப்படி நோய் விடுப்பும் இல்லை. தொழிற்சங்கம் பேசி வாங்கிய ஒப்பந்தமோ, கம்பெனி தானாகக் கொடுக்கும் லீவோ இருந்தால்தான் உண்டு. சம்பள உயர்வு வந்த மாதத்தில் இதையெல்லாம் யாரும் அவரிடம் உட்கார்ந்து சொல்வதில்லை.

பெரிய நோய் வந்தால் இதே ஈ.எஸ்.ஐ. தோள் கொடுக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. காசநோய், புற்றுநோய், மனநோய் என்று 34 நீண்டகால நோய்களுக்கு நோய்ப் பலன் 80 விழுக்காடாக உயர்கிறது, இரண்டு ஆண்டு வரை நீள்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலையில் இருந்திருக்க வேண்டும், நான்கு அரையாண்டுகளில் 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை செய்யும்போது ஊசி விரலில் இறங்கினாலோ கட்டிங் மெஷினில் கை பட்டாலோ அது நோய்க் கணக்கே அல்ல. ஊனப் பலனாக 90 விழுக்காடு. சேர்ந்த முதல் நாளே நடந்தாலும் உண்டு. காசநோயில் மாதக்கணக்கில் படுத்து, இந்தப் பணத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கட்டி, தேறி மறுபடி மெஷினில் உட்காரும் வாய்ப்பை ஒரு குடும்பத்துக்கு இது தருகிறது. பெரிய இடிக்குக் கூரை போட்டவர்கள் தூறலுக்குப் போடவில்லை என்பதுதான் குறை.

மற்ற வேலைகளில் இருப்பவர்களையும் பார்த்துவிடலாம். மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 20 நாள் அரைச்சம்பள விடுப்பு சேர்கிறது. மருத்துவச் சான்று கொடுத்தால் அதை 10 நாள் முழுச்சம்பள விடுப்பாக மாற்றிக்கொள்ளலாம். கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கோ வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கோ பெரும்பாலும் இதில் எதுவும் கிடைப்பதில்லை. அவர்களோடு ஒப்பிட்டால் ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் டெய்லர் கொஞ்சம் மேட்டில்தான் நிற்கிறார்.

ஒரே நாளுக்கு ஈ.எஸ்.ஐ.யிலும் முதலாளியிடமும் இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது, சட்டமே தடுக்கிறது. இதைக் காட்டி, 'ஈ.எஸ்.ஐ.தான் இருக்கிறதே, பிறகு எதற்கு சிக் லீவு' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பதில் மூன்றாம் நாளுக்குப் பொருந்தலாம். முதல் இரண்டு நாளுக்குப் பொருந்தாது. அந்த நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ. எதுவும் தருவதில்லை, தராத பணத்தோடு எது மோதப்போகிறது? தொழிற்சாலைகளில் ஆண்டுக்கு ஆறேழு நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் இந்தப் பள்ளம் நிரம்பிவிடும். கடை ஊழியருக்கு 1947-இலேயே எழுத முடிந்ததைத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இன்னும் எழுதாமல் இருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் தென்படவில்லை.

அந்த வரி வரும்வரை, காலையில் போன் போட்ட டெய்லர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வழக்கமாக நடப்பது என்னவென்றால், முதல் நாள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை, இரண்டாம் நாள் கஷாயம், முடியாமல் போய் மூன்றாம் நாள் ஈ.எஸ்.ஐ. மருந்தகம். டாக்டர் பொதுவாகத் தான் பார்த்த நாளிலிருந்துதான் சீட்டு எழுதுவார். காத்திருப்பு நாள் இரண்டும் அங்கிருந்தே எண்ணப்படும். மூன்றாம் நாள் போனவருக்கு ஐந்தாம் நாளிலிருந்துதான் 350 ரூபாய் ஓடத் தொடங்கும். ஆதலால் அம்மாவையோ தம்பியையோ துணைக்கு அழைத்துக்கொண்டு, ஈ.எஸ்.ஐ. எண்ணோடு முதல் நாளே மருந்தகத்தில் டோக்கன் போட்டுவிட வேண்டும். சீட்டைக் கையில் வாங்கியதும் போனில் படம் எடுத்து அந்தச் சூப்பர்வைசர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், எட்டாம் நாள் வந்து யாரும் சொல்லாமல் நின்றுவிட்டார் என்று எழுத முடியாது.